சுழல்தண்டின் கதை

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே கூறுவர். ஆயின், எஞ்சின் பிறப்பிக்கும் ஆற்றல் சில்லுகளைச் சென்றடையாவிடின் வண்டி ஓரங்குலமேனும் நகராது. அவ்வாற்றலைக் கொண்டு செல்வது, வண்டியின் அடியில், எவர் கண்ணிலும் படாமல், சேற்றிலும் தூசியிலும் சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உருக்குத் தண்டாகும். இதனைச் சுழல்தண்டு எனலாம். கராஜ்களில் வேலை செய்வோர் இதனைப் 'புறொப்பெல்லர் ஷாப்ற்' என்றே வழங்குவர். மலைப்பாதையிலும் மணல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் ஓடும் ஜீப், லாண்ட் றோவர் முதலிய வண்டிகளில் இத்தண்டை ஒழுங்காகப் பேணுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை, அதன் வரலாற்றைக் கொண்டே விளக்க முயல்வோம்.

வண்டியின் எஞ்சின் சட்டத்தோடு பொருந்தி நிற்கின்றது. சில்லுகளைத் தாங்கும் அச்சோ விற்களில் தொங்கி, பாதையின் மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறியும் இறங்கியும் அசைகின்றது. ஆகவே, இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு சுழலும்போதே வளைந்து கொடுக்க வேண்டும். சற்றே நீளவும் குறுகவும் வேண்டும். வளைந்து கொடுப்பதற்காக அதன் இரு முனைகளிலும் மூட்டுகள் உள்ளன. ஒவ்வொரு மூட்டிலும் இரு கவைகளைச் சிலுவை வடிவான ஓர் உருக்குத் துண்டு இணைக்கின்றது. நீண்டு குறுகுவதற்காக, ஒன்றனுள் ஒன்று நுழைந்து வழுக்கும் பள்ளமிட்ட பகுதியொன்று அமைந்துள்ளது. தண்டின் நோயெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களிலேயே தோன்றுகின்றது.

மூட்டு மிகப் பழையதொன்று. இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவிற் பலர் இதனைக் 'கார்டன்' மூட்டு என்பர். ஆங்கிலேயர் றொபேர்ட் ஹூக் என்பாரின் பெயரால் வழங்குவர். ஹூக் 17ஆம் நூற்றாண்டில், வானத்தை ஆராயும் கருவிகளுக்காக இம்மூட்டினை விளக்கி எழுதினார். இதிலே ஒரு குறையும் உண்டு. தண்டு ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். கோணம் 30 பாகையாயின் இவ்வேக வேறுபாடு சராசரிக்கு மேலும் கீழும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தாகும். இரு முனைகளிலும் ஒரே அளவான கோணமும், ஒரே ஒழுங்கில் அமைந்த கவைகளும் இருப்பின், ஒன்றின் குறையை மற்றது நீக்கிவிடும். இவ்வுண்மையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றிலே ஆற்றலைச் சில்லுக்குக் கொண்டு சென்றது சங்கிலியாகும். சங்கிலி திறந்த வெளியில் ஓடிற்று. மண்ணையும் நீரையும் வாரிக்கொண்டது. இரைச்சலிட்டு விரைவில் தேய்ந்தது. 1898ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இளைஞர் லூயி றெனோ, சங்கிலியை நீக்கிச் சுழல்தண்டு பொருத்திய சிறு வண்டியொன்றை ஆக்கினார். அவ்வாண்டு நத்தார் முன்னிரவில் அவ்வண்டி பாரிஸ் நகரின் செங்குத்தான லெபிக் வீதியில் ஏறியதைக் கண்டோர் வியந்தனர்.

ஆயினும் தண்டின் மூட்டுகளும் தூசிக்கு இரையாயின. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பயின்ற கிளாறென்ஸ் ஸ்பைசர் என்பவர். 1903ஆம் ஆண்டில் அவர் பெற்ற காப்புரிமை மூட்டுக்கு உறை அமைப்பது பற்றியது. மூட்டு 200 ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டதாகும். அதனுள் கிறீஸை நிறுத்தவும், வெளித்தூசியைத் தடுக்கவும் வழி செய்ததே ஸ்பைசரின் தொண்டு. 1904ஆம் ஆண்டில் அவர் மூட்டுகளை உற்பத்தி செய்யத் தொடங்கினார். இங்கே நாம் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சுழல்தண்டு நாள்தோறும் பயன்படத்தக்க பொருளானது வலிய உருக்கினால் மட்டுமன்று. அதனைப் பேணுவதற்கான வழி கிடைத்தமையாலுமாகும்.

நான்கு சில்லுகளையும் உந்தும் வண்டிகள் தோன்றியபோது இக்கடமை பெருகிற்று. முன்சில்லுகள் திசை திரும்பவும் வேண்டும். அதேவேளை உந்தப்படவும் வேண்டும். விஸ்கொன்சின் மாநிலத்துக் கிளின்றன்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒட்டோ சாக்கோ, வில்லியம் பெசர்டிக் ஆகிய இருவரும் 1908ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றனர். அவர்களும் மூட்டினை ஓர் உருண்டையான உறைக்குள்ளேயே அடக்கினர். முதலாம் உலகப் போரிலே அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் லொறிகள் ஆயிரக்கணக்கிற் சேற்று வழிகளில் ஓடின. முன்னர் ஒரு தண்டு இருந்த இடத்தில் இப்போது பல தண்டுகளும் பல மூட்டுகளும் வந்தன. கிறீஸ் இடவேண்டிய இடங்களும் அவ்வாறே மிகுந்தன.

இரண்டாம் உலகப் போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உற்பத்தி செய்யப்பட்டன. அவற்றை ஓட்டியோர் யாவரும் யந்திரம் பயின்றோர் அல்லர். பழுது பார்ப்பதிலும் பழுது வாராமற் காப்பதே சிறந்ததென்பதை அவர்களுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. ஆகவே, 'ஆர்மி மோட்டர்ஸ்' என்னும் அமெரிக்க இராணுவ இதழில் வில் ஐஸ்னர் என்னும் சித்திரக்காரர், வண்டியைக் கவனியாது விட்டு அல்லலுறும் 'ஜோ டோப்' என்னும் படைவீரனைப் படைத்தார். 1951ஆம் ஆண்டில் தொடங்கிய 'பீ. எஸ்.' என்னும் இதழும் பராமரிப்பை மட்டுமே பொருளாகக் கொண்டது. அசட்டையால் நின்றுபோன வண்டி, எதிரியால் அழிக்கப்பட்ட வண்டிக்கு ஒப்பானதென்பதைப் போரிட்டோர் நன்கு அறிந்திருந்தனர்.

இனி, நல்ல தார் வீதியிலும் கரடுமுரடான வழியிலே தண்டு ஏன் விரைவிற் கெடுகின்றதெனப் பார்ப்போம். அச்சு மிகுதியாக ஏறி இறங்குவதால் மூட்டின் கோணம் பெரிதாகின்றது. புதைந்த வண்டியை வெளியேற்ற முயலும்போது தண்டின் மீது பெருஞ்சுமை விழுகின்றது. ஓடிச் சூடேறிய மூட்டு ஆற்றின் குளிர்நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உள்ளிழுக்கக்கூடும். நீர் கிறீஸைக் கெடுக்கும். கெட்டபின் துரு ஏறும். மூட்டினுள் இருக்கும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சிறிதே முன்னும் பின்னும் அசைகின்றன. ஆகவே கிறீஸ் வற்றினால் ஒரே இடத்தில் தேய்த்துச் சிலுவைத் துண்டிலே பள்ளம் விழச்செய்யும்.

மூட்டு முறிந்தால் வண்டி நிற்பதோடு தீங்கு முடிவதில்லை. ஓட்டத்தில் தண்டின் முன்முனை கழன்று நிலத்திற் குத்துமாயின் வண்டியே தூக்கி எறியப்படலாம். மற்றோர் ஆபத்துப் பலர் அறியாதது. போர்க்கால ஜீப்பிலும், 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லாண்ட் றோவரிலும், கைப்பிரேக் சில்லுகளை நேரே பற்றுவதில்லை. பின் சுழல்தண்டு புறப்படும் இடத்தையே பற்றுகின்றது. தண்டின் வழியாகவே சில்லுகள் நிறுத்தப்படுகின்றன. பின்தண்டு முறிந்தாலோ, பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டாலோ, மலைச்சரிவில் நிற்கும் வண்டியைக் கைப்பிரேக் தாங்குமென நம்புதல் கூடாது. பின்சில்லு ஒன்றை 'ஜக்'கினால் உயர்த்தினாலும் அவ்வாறே வண்டி உருளக்கூடும். இத்தகைய வண்டியின் அடியில் நுழையுமுன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தல் உயிர் காக்கும் வழக்கமாகும்.

பராமரிப்போ கடினமானதன்று. சம தரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, கியரையும் கைப்பிரேக்கையும் விடுவித்தபின் தண்டைக் கையாற் பற்றி முறுக்கியும் உயர்த்தியும் பார்க்கவேண்டும். கவைக்கும் சிலுவைத் துண்டுக்கும் இடையே அசைவு தென்பட்டால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. மூட்டின் ஓரத்தில் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிறீஸ் வற்றித் துரு ஏறுகின்றது. வண்டி புறப்படும்போது எழும் 'டக்' என்னும் ஓசையும், மெல்ல ஓடும்போது ஒழுங்காகக் கேட்கும் கீச்சொலியும், வேகத்திற் பிறக்கும் நடுக்கமும் தண்டினைப் பார்க்குமாறு கூறும் எச்சரிக்கைகளே. நடுக்கத்துக்குச் சிலவேளை தண்டில் ஒட்டிய சேறோ, கல்லடிபட்ட நெளிவோ காரணமாகலாம்.

கிறீஸ் இடும்போது, பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது நான்கு முனைகளிலும் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றுதல் வேண்டும். நீண்டு குறுகும் பகுதியை மறத்தலாகாது. ஆற்றைக் கடந்தபின்னரும் சேற்றில் ஓடியபின்னரும், குறித்த தவணை வரும்வரை காத்திராது உடனே கவனித்தல் நன்று. இணைப்பின் ஆணிகள் இறுக்கமாக உள்ளனவா எனவும் பார்க்கவேண்டும். தண்டைக் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் அடையாளமிட்டு, மீண்டும் அதே ஒழுங்கிற் பூட்டுதல் அவசியம். ஒழுங்கு மாறினால், முன்னர்க் கூறியவாறு ஒரு மூட்டின் குறையை மற்றது நீக்காது, இரண்டும் சேர்ந்து நடுக்கத்தை மிகுவிக்கும்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றிலே கிறீஸ் ஏற்றும் வாயில் இல்லாத, நிரந்தரமாக மூடப்பட்ட மூட்டுகள் உள்ளன. அவற்றுக்குக் கவனம் வேண்டியதில்லையென எண்ணுதல் தவறு. அவற்றுக்கு மருந்திட இயலாது. ஆகவே நோய்க்குறியை முன்னதாகவே கண்டு மாற்றவேண்டிய கடமை இன்னும் அதிகமாகின்றது.

மூட்டினை அறிஞர் கண்டனர். அதற்கு உறையிட்டவர் ஸ்பைசர். அவ்வுறைக்குள் கிறீஸ் வற்றாது காப்பவர் வண்டியின் சாரதி. முதல் இரு பணிகளும் ஒருமுறை செய்து முடிந்தவை. மூன்றாவது பணி மாத்திரம் ஒவ்வொரு பயணத்தின் பின்னும் புதிதாகச் செய்யப்படவேண்டியது. மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியாயினும், மலைத்தோட்டத்துக்கு அரிசி கொண்டுபோகும் வண்டியாயினும், அது போய்ச் சேருவதும் சேராதிருப்பதும் அந்தச் சிறு பணியிலும் தங்கியிருக்கின்றது.