நான்கு பாட்டில் தண்ணீர்

1903, ஜூலை 1. பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்ழெரோன் என்ற ஊரில் ஒரு கஃபே வாசலில் இருந்து 60 பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் லியோன், தூரம் 467 கிலோமீட்டர். டூர் டி பிரான்ஸ் போட்டியின் முதல் கட்டம் அது. முதலில் வந்த மொரீஸ் கராங்குக்கே 17 மணி 45 நிமிடம் ஆனது.

இத்தனை மணி நேரம் ஒரு மனிதன் என்ன சாப்பிட்டான், என்ன குடித்தான்? யார் ஜெயித்தார், எத்தனை நிமிடத்தில் ஜெயித்தார் என்பதெல்லாம் விலாவாரியாகக் கிடைக்கிறது. இந்தக் கேள்வியை மட்டும் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் இந்தப் போட்டியில் ஓர் உயிர் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டியைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்சுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வீரன் யார் உதவியும் இல்லாமல் ஓட்ட வேண்டும், கஷ்டப்பட வேண்டும்! அவர் காலத்துக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. குறிப்பிட்ட இடத்தில் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை கொடுப்பார்கள், அதில் இருப்பதுதான் சாப்பாடு. தண்ணீருக்கும் கணக்கு உண்டு. 1960-களில்கூட ஒரு நாளைக்கு நான்கு பாட்டில்தான், அதாவது சுமார் 2 லிட்டர். கடும் வெயிலில் ஓட்டுபவனுக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போய்விடும். மீதித் தாகத்துக்கு எங்கே போவது?

கடைக்குத்தான்! வழியில் கஃபே வந்தால் நாலைந்து பேர் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். பெரும்பாலும் அணித் தலைவருக்கு எடுபிடி வேலை செய்யும் துணை வீரர்கள்தான் (பிரெஞ்சில் அவர்களுக்குப் பெயரே 'வேலைக்காரன்'). சோடா, பீர், ஒயின், பிராந்தி என்று கைக்குக் கிடைத்ததைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவருவார்கள். காசு கொடுக்க யாருக்கு நேரம்? 1950-இல் வெயில் தாங்காமல் பல வீரர்கள் போட்டியின் நடுவிலேயே மத்தியதரைக் கடலில் இறங்கிக் குளித்தார்கள். நடத்துபவர்களுக்குக் கோபம், அபராதம் போட்டார்கள்.

இவ்வளவும் அறியாமையால் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 1924-இல் ஆன்ரி பெலிசியே என்ற வீரர் போட்டியை விட்டு விலகி, கூதான்ஸ் ஊர் கஃபேயில் உட்கார்ந்து, ஆல்பெர் லோந்தர் என்ற பத்திரிகையாளரிடம் தன் பையைத் திறந்து காட்டினார். கண்ணுக்குக் கொக்கைன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அப்புறம் மாத்திரைகள்... அதே 1924-இல்தான் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை டாக்டர்கள் சோதித்தார்கள். தள்ளாடி விழுந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அடுத்த வருடம் ஓடும்போதே மிட்டாய் சாப்பிடச் சொன்னார்கள், நல்ல பலன் தெரிந்தது. மாத்திரை செய்யாததை மிட்டாய் செய்யும் என்பது அப்போதே அச்சில் வந்துவிட்டது. சைக்கிள் உலகம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு 1967, ஜூலை 13. மார்செய் நகரிலிருந்து கார்பாந்த்ரா வரை 211 கிலோமீட்டர், நடுவில் மோன் வாந்தூ மலை. உச்சிப் பக்கத்தில் ஒரு மரம் கிடையாது, வெறும் வெள்ளைக் கல். இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன், வயது 29, 1965-இன் உலக சாம்பியன். சில நாட்களாகவே வயிறு சரியில்லை, சாப்பாடு தங்கவில்லை. மலையடிவாரத்தில் வழக்கமான கடை வேட்டை நடந்தது, அவருக்குக் கிடைத்தது பிராந்தி. மேலே ஏறும்போது சைக்கிள் அங்குமிங்கும் அலைய ஆரம்பித்து, விழுந்தார். தூக்கி ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன. மறு வருடம் டூரில் மருந்துச் சோதனை கடுமையாக்கப்பட்டது. அது சரிதான். ஆனால் அன்றுமுதல் எல்லோரும் மருந்தையே பேசுகிறார்கள், நான்கு பாட்டில் விதியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மருந்து களைப்பை மறைக்கும். வெயிலில் வற்றிப்போன உடம்பு 'போதும், நிறுத்து' என்று சொன்னாலும் கேட்காது. தண்ணீரை அளந்து கொடுத்தவர்களுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு.

அதே 1967-இல் சுவீடனில் ஓர் ஆராய்ச்சி வெளியானது, அதுவும் சைக்கிள் மிதிக்க வைத்து! மூன்று நாள் கொழுப்பும் புரதமும் மட்டும் சாப்பிட்டவர்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டார்கள். அதே ஆட்கள் மூன்று நாள் மாவுச்சத்து சாப்பிட்ட பிறகு கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கினார்கள். தசையில் சேரும் மாவுச்சத்துதான் வித்தியாசம். தண்ணீர் விதி பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. இன்றைய வீரர்கள் சிலர் ஒரு மணி நேரத்துக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து எடுத்துக்கொள்கிறார்கள். சட்டைப் பையில் சோற்றை அழுத்திச் செய்த கட்டிகூட இருக்கும்.

ஆனாலும் பழைய புத்தி முழுதாகப் போய்விட்டதா? 2013-இல் ஆல்ப் துயெஸ் மலையில், முன்னிலையில் இருந்த கிறிஸ் ஃபுரூமுக்குக் கடைசி சில கிலோமீட்டரில் பசியில் கால் ஓயத் தொடங்கியது. அந்த இடத்தில் வண்டியிலிருந்து உணவு வாங்கக் கூடாது என்பது விதி. அணித் தோழர் ரிச்சி போர்ட் பின்னால் போய்ச் சர்க்கரைக் கூழ் வாங்கிவந்து கொடுத்தார். இருவருக்கும் தலா 20 விநாடி தண்டனை. ஃபுரூம் அதை வாங்கிக்கொண்டு, அந்த டூரை நான்கு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.