பேசாத படத்துக்கு எந்த மொழி?

உலக சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் குரோசவாவையும் ஓசுவையும் தேடிப் போகிறோம். மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி. டேனியல் கன்னியாகுமரிக்கு அருகே அகஸ்தீஸ்வரத்தில்தான் வாழ்ந்து மறைந்தார் என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் வியப்புடன் பார்க்கிறார்கள். அவ்வியப்பு நமக்குப் பெருமை தருவதன்று.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், தமிழ் பேசும் நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் டேனியல். களரியில் தேர்ந்த அவர், அக்கலையை உலகறியச் செய்யும் வழியாகவே முதலில் சினிமாவைக் கருதினார். நிலத்தை விற்று, 1926இல் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் படநிறுவனத்தை நிறுவினார். 'விகதகுமாரன்' படத்தின் கதை, இயக்கம், நாயக வேடம் அனைத்தும் அவருடையவை. அது வெளியான ஆண்டு 1928 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. 1930 என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

ஓசுவின் முதற்படம் வெளிவந்தது 1927இல். அதன் படச்சுருளும் இன்று இல்லை. ஆனால் ஓசுவின் பின்னால் ஷோச்சிக்கு என்னும் பெருநிறுவனம் நின்றது. 1963இல் மறைவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை அவர் இயக்கினார். டேனியலுக்குப் பின்னால் இருந்தது விற்றுத் தீர்ந்த நிலம் மட்டுமே.

படத்தின் நாயகி பி.கே. ரோஸி தலித் பெண். அவர் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். ஊரைவிட்டு ஓடிய ரோஸி, நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து முடிந்தார் என்பர். கடனில் மூழ்கிய டேனியல் கருவிகளை விற்றுவிட்டுத் தமிழக ஊர்களில் பல் மருத்துவம் பார்த்தார். அப்படத்தின் இயக்குநரும் நாயகியும் இறுதியில் வந்து ஒதுங்கியது நம் மண்ணில்தான். நாம் இருவரையும் அறிந்திருக்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. பின்னாளில் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் டேனியலைக் கண்டறிந்து, கேரள அரசின் உதவித்தொகைக்காக முயன்றார். டேனியல் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று காரணம் சொல்லி உதவி மறுக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் அவர் தமிழர். இப்பாலோ மலையாளப் படம் எடுத்தவர். 1975 ஏப்ரலில் அவர் மறைந்தார். 1992இல் கேரள அரசு அவர் பெயரில் விருதொன்றை நிறுவியது. 2013இல் 'செல்லுலாய்ட்' திரைப்படம் அவர் கதையைச் சொன்னது.

'விகதகுமாரன்' ஊமைப்படம். அதில் எவரும் தமிழும் பேசவில்லை, மலையாளமும் பேசவில்லை. அதை எடுத்தவர் முதுமையில், வறுமையில் கைநீட்டி நின்றபோதுதான் அவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி எழுந்தது. இன்று அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள விரும்பினால், அன்று நாமும் வாளாவிருந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.