அறங்காவலர்க்கும் ஒரு காவல்
(அறப்பணி ஆணையத்தின் வரலாறும் ஆட்சிமுறையும்)

"சிவன் சொத்து குல நாசம்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆலயத்துக்குரிய ஒரு காசையேனும் தமதாக்கிக் கொள்வோரின் குலம் தழைக்காது என்னும் அச்சமே நெடுங்காலம் திருக்கோயில் உடைமைகளுக்கு வேலியாக நின்றது. கொடுத்தவரும், வாங்கியவரும், கணக்கு எழுதியவரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலத்தில் அந்த வேலி போதுமானதாக இருந்தது. நகரங்கள் பெருகி, முகமறியாத பல்லாயிரவர் உண்டியலில் காணிக்கை செலுத்தும் நிலை வந்தபோது, தாம் இட்ட காசு எங்குச் சென்றது என்று பின்தொடர்ந்து பார்க்க எந்த அன்பராலும் இயலாது போயிற்று. அவர்களுக்காகப் பார்ப்பதற்கென்றே அரசுகள் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. அதுவே அறப்பணி ஆணையம்.

அறநிலையங்களைக் கண்காணிக்க ஆணையம் உண்டு; அந்த ஆணையத்தைக் கண்காணிப்பவர் யாவர்? அதன் ஆட்சிக் குழுவில் யார் அமர்வது, எத்தனை ஆண்டு அமர்வது, யாருக்குப் பதில் சொல்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றில் சிங்கப்பூரின் பங்கு ஆலய அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

ஆங்கிலச் சட்டத்தின் வித்து

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில், 1601ஆம் ஆண்டில், அறக்கொடைகள் பற்றிய புகழ்பெற்ற சட்டம் இயற்றப்பட்டது. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பள்ளிகளுக்கும் என்று எழுதிவைக்கப்பட்ட கொடைகள் தவறான வழியில் செலவாவதைத் தடுப்பதே அதன் நோக்கம். எவையெவை அறம் எனப்படும் என்ற பட்டியலும் அதன் முகவுரையில் இடம்பெற்றது. எனினும் சட்டம் இருந்ததே தவிர, அதை இடைவிடாது நடைமுறைப்படுத்தும் நிலையான அமைப்பு இல்லை. முறைகேடு கண்டவர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டு, அறத்தின் பொருளையே விழுங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூம் பிரபுவின் முயற்சியால் அமைந்த விசாரணைக் குழுவினர், 1818 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாடெங்கும் சென்று, மறைந்தும் மறக்கப்பட்டும் கிடந்த அறக்கட்டளைகளைக் கணக்கெடுத்தனர். அந்த அறிக்கைகளின் பயனாக 1853ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் நிலையான அறப்பணி ஆணையம் தோன்றிற்று.

1891ஆம் ஆண்டில் பெம்சல் வழக்கில் மெக்நாட்டன் பிரபு அளித்த தீர்ப்பு, அறத்தை நான்காக வகுத்தது: வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்குப் பயன்தரும் பிற பணிகள். ஆங்கிலச் சட்டம் 1826ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தின் வழியாக நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து சேர்ந்தமையால், இந்த வகைப்பாடு இங்கும் வேரூன்றியது. சிங்கப்பூரில் இன்று ஒரு திருக்கோயில் அறப்பணி அமைப்பாகப் பதிவு பெறுவதற்கு அடிப்படை, மூன்றாவதாகச் சொல்லப்பட்ட சமய வளர்ச்சியே ஆகும்.

சிங்கப்பூரில் ஆலய நிர்வாகம்

1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து இராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1823இல் கிடைத்த நிலத்தில், மரமும் அத்தாப்பும் கொண்டு 1827ஆம் ஆண்டில் மாரியம்மனுக்கு ஆலயம் எழுப்பினார். அந்நாளில் ஆலயத்தை எழுப்பியவரும் அவரைச் சார்ந்த பெரியோருமே அதன் பொறுப்பாளர்கள். ஆலயங்களின் நிலமும் வருவாயும் பெருகப் பெருக, பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியும் உடன் வளர்ந்தது.

1905ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசு, முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் அமைந்த வாரியம், தன்பால் ஒப்படைக்கப்பட்ட பள்ளிவாசல்களையும் ஆலயங்களையும் நிர்வகித்தது. சமயம் அறியாத ஆட்சியாளர் சமய உடைமையைக் காக்க முற்பட்ட இந்த ஏற்பாட்டில் நன்மையும் இருந்தது, குறையும் இருந்தது. கணக்கு ஒழுங்குபட்டது, ஆனால் வழிபாட்டின் நுட்பம் அறிந்தவர்களின் ஆலோசனையும் தேவைப்பட்டது. 1915ஆம் ஆண்டில் இந்து ஆலோசனை மன்றம் தோன்றியதை இப்பின்னணியில் நோக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் பழைய கூட்டு வாரியம் மறைந்தது. முஸ்லிம்களுக்குத் தனி மன்றம் அமைந்தது. இந்துக்களுக்கு 1968ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, 1969 முதல் இந்து அறக்கட்டளை வாரியம் செயற்படலாயிற்று. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு ஆலயங்களும் அதன் பொறுப்பில் உள்ளன. ஏனைய ஆலயங்கள் தத்தம் சங்கங்களின் வாயிலாகவும் நிர்வாகக் குழுக்களின் வாயிலாகவும் நடைபெற்று வருகின்றன. பினாங்கிலோ, அக்காலச் சட்டத்தின் வழிவந்த இந்து அறக்கட்டளை வாரியம் இன்றும் நிலைபெற்றுள்ளது.

வரித்துறையின் கூரையின்கீழ்

சமய வேறுபாடின்றி எல்லா அறப்பணி அமைப்புகளுக்கும் பொதுவான சட்டம் சிங்கப்பூரில் 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1994ஆம் ஆண்டில் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவற்றின்படி அறப்பணி ஆணையர் என்னும் பதவி ஏற்பட்டது. அப்பதவி வருமான வரித் துறையின் கூரையின்கீழ் இருந்தது. வரிவிலக்குப் பெறுவோரை வரித்துறையே அறிந்திருப்பது இயல்பு என்பது அதன் காரணம். ஆயினும் வரித்துறையின் கண் வரியின் மீதே பதியும். நன்கொடை நற்பணிக்குச் சென்றதா, நிர்வாகக் குழு விழிப்புடன் இருந்ததா என்ற வினாக்கள் அதன் அன்றாட வேலைக்குப் புறம்பானவை. மேலும், ஆணையர்க்கு ஆலோசனை கூறவோ, அவர் வகுக்கும் நெறியைப் பொதுமக்கள் நோக்கில் ஆராயவோ தனி மன்றம் எதுவும் அப்போது இல்லை.

2005: விழித்தெழுந்த ஆண்டு

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம், தேசிய சிறுநீரக அறநிறுவனம் தொடுத்திருந்த அவதூறு வழக்கு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. முந்திய ஆண்டில் நாளிதழ் ஒன்று, அந்நிறுவனத் தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்கமுலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்டது பற்றி எழுதியதே வழக்குக்குக் காரணம். சாட்சிக் கூண்டில் வெளிவந்த செய்திகள் நாட்டையே திகைக்கச் செய்தன. தலைமை நிர்வாகியின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 600,000 வெள்ளி என்பதும், மூன்று ஆண்டுக்கே போதும் என்று சொல்லப்பட்ட சேமநிதி உண்மையில் பல்லாண்டுகளுக்குப் போதுமானது என்பதும் தெரியவந்தன. வழக்கு இரண்டே நாளில் கைவிடப்பட்டது. நிர்வாகியும் இயக்குநர் குழுவும் பதவி விலகினர்.

சில வெள்ளிகளை மாதந்தோறும் அனுப்பிவந்த எளிய மக்களின் மனம் அன்று பட்ட புண் ஆழமானது. அந்நிறுவனத்துக்கு இயக்குநர் குழு இருந்தது, தணிக்கையாளர் இருந்தனர், மேலே ஆணையரும் இருந்தார். இத்தனை காவல் இருந்தும் உண்மை வெளிவர ஒரு வழக்கு தேவைப்பட்டது. ஆகவே சீர்திருத்தம் அறநிறுவனங்களோடு நில்லாமல், காவலின் அமைப்பையே தொட வேண்டியதாயிற்று.

மன்றத்தின் அமைப்பு

2006 செப்டம்பரில் ஆணையர் அலுவலகம் வரித்துறையிலிருந்து சமூக மேம்பாட்டுக்குப் பொறுப்பான அமைச்சுக்கு மாற்றப்பட்டது. 2012 முதல் அது கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சைச் சார்ந்துள்ளது. 2007 மார்ச்சில் அறப்பணி மன்றம் நிறுவப்பட்டது.

இம்மன்றம் தலைவர் உட்படப் பதினைந்து உறுப்பினர்களைக் கொண்டதாக அமைக்கப்பட்டது. அவர்களுள் பத்துப் பேர் பொதுமக்கள் பக்கத்திலிருந்து, கணக்கியல், சட்டம், நிறுவன நிர்வாகம், தொழில்முனைவு ஆகிய துறைகளின் அறிவும் தொண்டு அனுபவமும் கருதித் தெரிந்தெடுக்கப்படுவோர். ஏனைய ஐவர், கல்வி, சுகாதாரம், சமூகச் சேவை, சமூகப் பணி, விளையாட்டு ஆகிய பிரிவுகளைக் கவனிக்கும் துறை நிர்வாகிகளின் பேராளர்கள். சமய அமைப்புகளை ஆணையரே நேரடியாகக் கவனிக்கிறார். நல்ல நிர்வாகத்தை ஊக்குவித்தல், அமைப்புகளுக்கு அதற்கான ஆற்றலை வளர்த்தல், ஆணையர்க்கு ஆலோசனை வழங்குதல் என்பன மன்றத்தின் மூன்று கடமைகள். ஆணையிடும் அதிகாரம் ஆணையரிடமும், அறிவுரை கூறும் பொறுப்பு மன்றத்திடமும் இருப்பதால், அதிகாரம் தனியொருவரின் சிந்தையோடு அடங்கிவிடாது.

2007 நவம்பரில் வெளிவந்து, 2011, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்ற நிர்வாக நெறிமுறை இம்மன்றத்தின் சீரிய பணியாகும். "கடைப்பிடி; இயலாவிடில் காரணம் சொல்" என்பதே அதன் அடிப்படை. பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் நீடிக்கலாகாது என்றும், பத்து ஆண்டுகளுக்கு மேல் குழுவில் தொடர்வோர் இருப்பின் அதன் காரணத்தை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் நெறிமுறை கூறியது. தன் நலனோடு தொடர்புடைய பொருள் பற்றிப் பேசப்படும்போது உறுப்பினர் அதனை முன்கூட்டியே அறிவித்து, முடிவெடுப்பதிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். பொதுமக்களிடம் நிதி திரட்டும்போது அதற்கான செலவு, திரண்ட தொகையில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டலாகாது என்பது தனி விதி.

இலண்டன் தரும் பாடம்

மூல ஆணையமும் இக்காலத்தில் தன் இல்லத்தைச் சீர்செய்தது. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கிலாந்து, வேல்சு அறப்பணி ஆணையம் தலைவர் ஒருவரையும், நால்வர்க்குக் குறையாத, எண்மர்க்கு மேற்படாத உறுப்பினர்களையும் கொண்டதாக அமைந்தது. இருவரேனும் சட்டத் தகுதி உடையவராயிருத்தல் வேண்டும். ஒருவரேனும் வேல்சு நாட்டு நிலைமை அறிந்தவராயிருத்தல் வேண்டும். ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படாது. எவரும் மொத்தத்தில் பத்து ஆண்டுக்கு மேல் இருத்தல் இயலாது. ஆணையம் தன் கடமையைச் செய்கையில் எந்த அமைச்சரும் அதற்குக் கட்டளையிட இயலாது. அதன் முடிவினால் பாதிக்கப்பட்டோர் முறையிடத் தனித் தீர்ப்பாயமும் ஏற்பட்டது.

இத்தனை வரம்புகள் இருந்தும் ஆணையம் சறுக்கியது. இரண்டே ஆண்டுகளில் 176 மில்லியன் பவுண்டு திரட்டியதாகக் கணக்குக் காட்டி, ஏறத்தாழ 55,000 பவுண்டு மட்டுமே நற்பணிக்குச் செலவிட்ட ஓர் அறக்கட்டளை அதன் பதிவேட்டிலேயே இருந்தது. 2013 டிசம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம், ஆணையம் தன் கடமையைத் திறம்படச் செய்யவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்தக் கண்டனத்துக்குப் பின்னரே, 2016ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுக்கவும் தகுதியற்றோரை விலக்கவும் ஆணையத்துக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. 2018இல் அரசு முன்மொழிந்த தலைவரை நாடாளுமன்றக் குழு ஒருமனதாக ஏற்க மறுத்தும், அமைச்சர் அவரையே நியமித்தார். நியமிக்கும் கை எதுவோ, அதன் நிழல் ஆணையத்தின் மீது விழாதிருக்க வேண்டும் என்ற கவலை இன்னும் அங்குத் தீர்ந்தபாடில்லை.

ஆலயங்களும் பொறுப்பும்

இவை யாவும் எங்கோ நிகழ்ந்தவை என்று ஆலய அன்பர்கள் இருந்துவிட இயலாது. சிங்கப்பூரின் பழம்பெரும் ஆலயம் ஒன்றின் நிர்வாகத்தை ஆணையர் விசாரித்து, 2018 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டார். கணக்கேடுகள் முறையாகப் பேணப்படாமையும், ரொக்கக் காசோலைகள் வழங்கப்பட்டமையும் அதில் சுட்டப்பட்டன. வேறோர் ஆலயத்தில், 2020ஆம் ஆண்டில் நடந்த தணிக்கையின்போது அம்மனின் திருவாபரணங்கள் அடகுக் கடையில் இருந்தது வெளிப்பட்டது. தணிக்கை நெருங்கும்போதெல்லாம் நகைகளை மீட்டு வைத்து, பின்னர் மீண்டும் அடகு வைக்கும் வழக்கம் ஆண்டுக்கணக்கில் நடந்திருந்தது. நகைகள் யாவும் மீட்கப்பட்டன. தவறிழைத்த அர்ச்சகர் 2023இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நாள் தெரிந்த தணிக்கை மட்டும் போதாது என்பதும், ஒருவரையே முழுதும் நம்பிச் சாவியை ஒப்படைத்தல் அவருக்கும் நன்மையன்று என்பதும் அந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மைகள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அத்தாப்புக் கூரையின்கீழ் தொடங்கிய அறப்பணி, இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற அமைப்புகளாகச் சிங்கப்பூரில் விரிந்துள்ளது. அவற்றுக்கு ஆணையர் காவல். ஆணையர்க்கு மன்றம் துணை. இருவர்க்கும் மேலே விழிப்புள்ள மக்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்து, வரவு செலவு அறிக்கையை வாசித்து, ஐயத்தைப் பணிவுடன் கேட்கும் உறுப்பினர் எவரும் ஆலயத்துக்கு இடையூறு செய்பவர் அல்லர். கருவறை விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவரைப் போலவே அவரும் திருப்பணியே செய்கிறார். பதவியில் இருப்போர் மனமுவந்து கணக்குக் காட்டுவதும், உரிய காலத்தில் பொறுப்பை அடுத்தவர்க்கு ஒப்படைப்பதும் இறைவழிபாட்டின் பகுதிகளே.

"சிவன் சொத்து குல நாசம்" என்ற பழமொழி அச்சத்தால் காத்தது. சட்டம் கணக்கால் காக்கிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்து நிற்கும் இடத்தில் உண்டியலில் விழும் ஏழையின் காசும் இறைவன் திருவடியைச் சென்றடையும். அன்னை பராசக்தியின் திருவருள் அத்தகைய தூய நிர்வாகத்தை எல்லாத் திருக்கோயில்களுக்கும் நல்குமாக!