கெலவரப்பள்ளி நுரையும் நீரில் மிகும் ஊட்டச்சத்தும்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அங்கு அதன் பெயர் தட்சிண பினாகினி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாகலூரை அடுத்த கொடியாளம் அருகே அது தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூரை ஒட்டியுள்ள கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 44.28 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் இந்த அணையின் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் குவிவது கடந்த பத்தாண்டுகளில் வாடிக்கையான செய்தியாகிவிட்டது. மழைக்காலங்களில் கீழே உள்ள தரைப்பாலங்களை நுரை மூடிவிடுவதும் உண்டு.

நுரையின் ஊற்று பெங்களூரு. அந்நகரின் தென்கிழக்கில் உள்ள பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் வழிகிறது. பாசனத்துக்கு வெட்டப்பட்ட ஏரிச் சங்கிலி நகரம் பெருத்தபின் கழிவுநீர்ச் சங்கிலியானது. 2015 மே மாதத்தில் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்தபோதுதான் நாடு அதைத் திரும்பிப் பார்த்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்விவகாரத்தைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2018 டிசம்பரில், ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கி வைக்கும்படி கர்நாடக அரசுக்கு ஆணையிட்டது.

பழி பெரும்பாலும் தொழிற்சாலைகள்மீது விழுகிறது. அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெல்லந்தூரை ஆய்ந்த இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், சரிவரச் சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரையும் அதில் கலந்துவரும் சலவைத்தூளையுமே முதன்மைக் காரணமாகக் காட்டினர். இங்கு இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நுரையைக் கிளப்புபவை சலவைப் பொருள்களின் நுரைப்பிகள். அவை கண்ணுக்குத் தெரியும் தொல்லை. பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்ப்பவை நைட்ரஜனும் பாஸ்பரஸும். இவை கரைந்து கிடப்பதால் தெரிவதில்லை. தண்ணீர் பீய்ச்சி நுரையை அடக்கிவிடலாம், ஊட்டச்சத்து ஒரு துளியும் குறையாது.

நீரில் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகி, அது அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நிலையை மிகையூட்டம் என்பர். இதன் தீர்வு நீண்ட விவாதத்துக்குப் பிறகே தெளிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரியில் 1955-இல் பாசிப் பெருக்கத்தைக் கண்ட டபிள்யூ. டி. எட்மண்ட்சன், கழிவுநீரைத் திருப்பிவிட்டால் ஏரி மீளும் என்றார். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாகத் திருப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகத் தடுத்து, இரு பகுதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒன்றில் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தனர். அந்தப் பகுதி மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் வலு சேர்த்தது.

இதே கணக்கைச் சிறிய அளவில் போட்டவர்கள் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போர். பவளப்பாறைக் கடல் ஊட்டச்சத்து மிகக் குறைந்த நீர்; மீனுக்கு இடும் தீனியோ நாள்தோறும் பாஸ்பேட்டைச் சேர்க்கும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் எழுதிய கட்டுரையில், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளை இட்டுத் தொட்டியைப் பேணும் முறையை விளக்கினார். அப்பாறைகளின் ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. பாஸ்பரஸுக்கு அப்படி வாயுவாகிப் பறக்கும் வழி இல்லை. அதைக் கையால்தான் வெளியே எடுக்க வேண்டும்: நீரை மாற்றலாம், இரும்பு ஆக்சைடு மணிகளில் ஒட்டவைக்கலாம், பாசியை வளர்த்து அறுத்தெறியலாம். கடைசி வழியை முறைப்படுத்தியவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி. அங்குப் பவளத் தொட்டிக்காக அவர் உருவாக்கிய பாசித்தட்டு முறை, பின்னர் கழிவுநீரைத் தூய்மையாக்கவும் பயன்பட்டது.

தொட்டியில் நுரைக்கும் ஒரு வேலை உண்டு. புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி உப்புநீரில் நுண்குமிழிகளை விட்டுக் கரிமக் கழிவை நுரையாகத் திரட்டி மேலே உள்ள கிண்ணத்தில் சேர்க்கிறது. கிண்ணத்தைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். கெலவரப்பள்ளியிலும் நீர் விழும் வேகத்தில் நுரை திரள்கிறது. ஏந்திக்கொள்ளக் கிண்ணம் இல்லாததால் பாதி ஆற்றிலேயே கரைகிறது, மீதி காற்றில் பறந்து வயல்களில் படிகிறது. ஓசூர், பாகலூர் வட்டாரத்தின் ரோஜாவும் காய்கறியும் விளையும் நிலம் இது.

ஆகாயத்தாமரையை அகற்றும் பணியும் இப்படித்தான். செடி பாஸ்பரஸை உறிஞ்சியிருக்கும். அதை வாரிக் கரையிலேயே குவித்தால் அழுகி, மழையில் மீண்டும் நீருக்குள் இறங்கும். தொலைவுக்கு எடுத்துச் சென்று எருவாக்கினால்தான் பயன்.

சேறு இன்னும் கடினமான சிக்கல். கிளிஃபர்ட் மார்டிமர் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏரிகளை ஆய்ந்து, அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது சேற்றில் இரும்போடு பிணைந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலெழுவதைக் காட்டினார். அதனால் கழிவுநீர் வரத்து நின்றாலும் பழைய இருப்பு சில காலம் ஏரிக்குத் தீனி போடும். பெல்லந்தூரில் 2020-இல் தொடங்கிய தூர்வாரும் பணி இந்த நோக்கில் பொருளுடையது. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரைக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்நீர் பெற்றது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே. பாஸ்பரஸைப் பிடிக்கப் பொதுவாக இரும்பு உப்போ படிகாரமோ இடும் மூன்றாம் நிலை வேண்டும்.

அதே 2018-இல் தமிழ்நாடு தென்பெண்ணை நீருக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையும், வந்து சேரும் நீரின் அளவுமே அவ்வழக்கின் மையம்.