ஹிகினுகி

ஹிகினுகி என்பது ஜப்பானின் கபுகி அரங்கில், நடிகர் பார்வையாளரின் கண்முன்னே நொடிப்பொழுதில் உடை மாறும் உத்தி ஆகும். மேலே அணிந்துள்ள கிமோனோ உடலை விட்டு நீங்க, அதனடியில் முன்பே அணிந்திருந்த வேறு நிறக் கிமோனோ வெளிப்படுகின்றது. ஜப்பானிய மொழியில் 'ஹிகி' இழுத்தலையும் 'நுகி' உருவுதலையும் குறிக்கும். மேடைத் தந்திரங்களுள் ஒன்றாக இது எண்ணப்பட்டாலும், அடிப்படையில் இது ஒரு தையல் முறையே. ஆடும்போது பிரியாமல் நிற்க வேண்டிய தையல், உரிய நேரத்தில் ஒரே இழுப்பில் முழுவதுமாகப் பிரிந்துவிடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்வதே தைப்பவரின் வேலை.

ஆடல்களில்

இவ்வுத்தி பெரிதும் அறியப்படுவது 'கியோகனோகோ முசுமே தோஜோஜி' என்னும் நாட்டிய நாடகத்தின் மூலமாகும். 1753 ஆம் ஆண்டில் எடோ நகரின் நாகமுரா அரங்கில் முதலாம் நாகமுரா தொமிஜூரோ இதனை முதன்முதலில் ஆடினார். தன்னை விட்டு ஓடிய துறவியின்மேல் கொண்ட சினத்தால் பாம்பாக மாறிய பெண், கோயில் மணிக்குள் ஒளிந்த அவனை எரித்தாள் என்பது பழங்கதை. பின்னாளில் அங்கு புதிய மணி நிறுவப்படும்போது, ஆடல்மகள் வடிவில் அவளது ஆவி வருகின்றது. சிவப்புக் கிமோனோவுடன் தொடங்கும் ஆடல், ஹிகினுகியால் வெளிர்நீலத்துக்கு மாறுகின்றது.

1762 இல் முதலில் ஆடப்பட்ட 'சகி முசுமே' என்னும் ஆடலில் பனிக்கிடையே வெண்ணிற மணப்பெண் உடையில் நிற்கும் கொக்கின் ஆவி, வண்ண உடை அணிந்த இளம்பெண்ணாகின்றது. நடிகர் திரைக்குப் பின்னே சென்று மாற்றி வந்தால் ஆடலின் ஓட்டம் அறுந்துவிடும். மனநிலை மாறும் அதே கணத்தில் நிறமும் மாறுவதே இங்கு வேண்டப்படுவது.

உடையின் அமைப்பும் தையலும்

மேலுடை இடுப்பளவில் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகப் பிரியுமாறு அமைக்கப்படுகின்றது. பிரியும் இடத்தை ஓபி எனப்படும் அகன்ற இடைக்கச்சை மறைத்துவிடும். தோள், கை முதலிய இடங்களில் பொருத்துகள் தடித்த நூலால் தற்காலிகமாக இணைக்கப்படுகின்றன. தையற்காரர் அளவு பார்ப்பதற்காக முதலில் இடும் நீண்ட, தளர்ந்த தையலை இது ஒத்தது. நூலின் முனையில் சிறு உருண்டை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் உருவி வந்துவிடும்.

இழுத்தவுடன் தையல் அழிந்துவிடுவதால், ஒவ்வொரு காட்சிக்கும் உடையை மீண்டும் தைக்க வேண்டும். பார்வையாளர் ஒரு நொடி காணும் மாற்றத்துக்குப் பின்னால், நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் ஊசிவேலை இருக்கின்றது.

கோகென்

நூலை உருவுபவர் கோகென் எனப்படும் மேடைத் துணையாளர். நடனங்களில் இவர் பெரும்பாலும் குலச்சின்னம் பொறித்த கிமோனோ அணிந்து, மேடையிலேயே நடிகரின் பின்னால் அமர்ந்திருப்பார். நடிகர் ஆடிக்கொண்டிருக்கும்போதே நூல்களை ஒவ்வொன்றாக அகற்றிவிடுவார். பின்னர் குறித்த தாளத்தில் உடையை ஒரே வீச்சில் இழுத்துக்கொள்வார். ஒரு நூல் எஞ்சினாலும் நடிகர் பாதி உரிந்த உடையில் சிக்கி நிற்க நேரும். எனவே நடிகரின் அசைவுகளையும் தையலின் வரிசையையும் அவர் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

தொடர்புடைய உத்திகள்

'புக்காயெரி' என்பதில் உடை நீங்குவதில்லை. தோள் நூல்களை உருவியதும் மேல்பாதி மடிந்து இடுப்புக்குக் கீழே தொங்க, அதன் உட்பக்கத்து வண்ணம் வெளிப்படும். கதைமாந்தர் தமது மெய்யுருவைக் காட்டும் இடங்களில் இது வரும். விரைவான உடைமாற்றங்கள் பொதுவாக 'ஹயகவாரி' எனப்படும்.

பயில்முறை நாடகங்களில்

கபுகி தொழில்முறை நடிகருக்கு மட்டும் உரியதன்று. ஊர் மக்களே நடிக்கும் கபுகி 'ஜிஷிபாய்' எனப்படுகின்றது. நாகனோ மாவட்டத்தின் ஒஷிகா என்னும் மலைக் கிராமத்துக் கபுகி இவற்றுள் புகழ்பெற்றது. 2017 இல் ஜப்பானிய அரசு இதனை முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

வேறு நாடுகளின் மேடைகளிலும் இதையொத்த தேவை எழுகின்றது. 2013 இல் பிராட்வேயில் அரங்கேறிய 'சின்ட்ரெல்லா' இசை நாடகத்தில், வில்லியம் ஐவி லாங் வடிவமைத்த கந்தல் உடை மேடையிலேயே விருந்து உடையாக மாறியது. அவ்வாண்டு உடை வடிவமைப்புக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது. அதே கதையை நடிக்கும் பள்ளிகளும் ஊர்க் குழுக்களும் அத்தகைய மாற்றத்தை விரும்புவது இயல்பே. ஆனால் அவர்களிடம் பெரும்பாலும் ஒரு தையல் இயந்திரமும் சில மாலை நேரங்களுமே இருக்கும்.

அத்தகைய குழுக்களுக்கு நூல் முறை மலிவானது. கவனத்தை மட்டும் மிகுதியாகக் கேட்பது. நூல் தடித்து வழவழப்பாக இருத்தல் நன்று. சாதாரணத் தையல் நூல் இழுக்கும்போது அறுந்துவிடக்கூடும். தொடக்கத்தில் முடிச்சிடக் கூடாது. தையல் தன்னையே குறுக்காகக் கடக்கவும் கூடாது. ஒரே நூலை மூலையில் திருப்பித் தைத்தால் அவ்விடத்தில் இறுகிவிடும் என்பதால், நேரான ஒவ்வொரு பொருத்துக்கும் தனி நூல் இடுவது நல்லது. நூல் முனையில் கோக்கும் மணியின் நிறம் துணியின் நிறத்தை ஒத்திருக்கலாம். ஆயினும் இருளில் விரலால் தேடி அறியுமளவு அது பெரிதாக இருக்க வேண்டும்.

துணித் தேர்வும் முக்கியமானது. பருத்தியின்மேல் பருத்தி உராய்ந்து பற்றிக்கொள்ளும். உள்ளுடை வழுக்கும் துணியாக இருந்தால் மேலுடை எளிதில் நழுவும். வியர்வையில் நனைந்த துணி உலர்ந்த துணியைப்போல் நழுவுவதில்லை. ஆகவே நின்ற நிலையில் இழுத்துப் பார்ப்பது போதாது. ஆடி வியர்த்த பின்னரும் சோதிக்க வேண்டும். உள்ளுடை மேலுடையைவிட அகலமானதாயின், அதை மடித்து, அந்த மடிப்பையும் உருவத்தக்க நூலால் கட்டி வைக்கலாம்.

வெல்குரோ நாடாவையும், டிச் பட்டன் எனப்படும் அழுத்துப் பொத்தானையும் பலர் நாடுகின்றனர். இவற்றை ஒவ்வொரு முறையும் தைக்கவேண்டியதில்லை என்பது உண்மையே. எனினும் வெல்குரோ பிரியும் ஓசை அமைதியான காட்சியில் அரங்கம் முழுவதும் கேட்கும். அழுத்துப் பொத்தான்களோ கையை உயர்த்தும்போது தாமாகவே திறந்துகொள்ளலாம். ஒத்திகையில் பொத்தானை வைத்துப் பழகி, அரங்கேற்றத்தன்று மட்டும் நூலுக்கு மாறுவது இவற்றினும் தவறான வழியாகும். இழுப்பவரின் கைக்கு அந்த நூல் அன்று புதிதாக இருக்கும்.

காட்சி முடிந்தபின் உருவிய நூல்கள் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். அறுந்து துணியில் தங்கிய துண்டு, அடுத்த நாள் இடப்படும் நூலுடன் சிக்கிக்கொள்ளக்கூடும்.