பெர்லின் சுவரும் ஸ்பிரே ஆற்றின் ஐந்து குழந்தைகளும்

பள்ளி விடுமுறையில் யான் பெர்லின் நகருக்குச் சென்று வந்ததை அறிந்த நண்பர்கள் சிலர், அங்குள்ள சுவரோவியங்களைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தனர். எழுத அமர்ந்தபோது, ஓவியங்களைவிட அவற்றின் பின்னால் ஓடும் ஆறே மனத்தில் நின்றது. ஆதலால் இக்கட்டுரை சற்று வழி மாறிச் செல்லும், பொறுத்தருள்க.

முதலில் சுவர். தம் மக்கள் மேற்குப் பகுதிக்குத் தப்பிச் செல்வதைத் தடுக்க, 1961 ஆகஸ்டு 13ஆம் நாள் கிழக்கு ஜெர்மனி அரசு பெர்லின் எல்லையை முள்வேலியிட்டு அடைத்தது. வேலி பின்னர்ச் சுவராயிற்று. 1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு அது திறக்கப்படும் வரை, அச்சுவரின் பொருட்டுக் குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர்.

சுவர் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான இடங்களில் சுவர்கள் இரண்டு. இடையே காவல் கோபுரங்களும் விளக்குகளும் நிறைந்த வெற்றுநிலம். மேற்கு நோக்கிய பக்கத்தில் 1980களில் இளைஞர் பலர் வண்ணம் தீட்டி மகிழ்ந்தனர். கிழக்குப் பக்கமோ வெறுமையாகவே இருந்தது. அங்கே தூரிகையுடன் நெருங்குவார் யார்? இதனை அறிந்தால்தான் 'ஈஸ்ட் சைடு கேலரி' என்ற பெயரின் பொருள் விளங்கும். 1990இல், 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள், அதுவரை எவரும் தொட இயலாதிருந்த அந்தக் கிழக்குப் பக்கத்தில், 1,316 மீட்டர் நீளத்திற்கு ஓவியங்கள் தீட்டினர்.

பிரெஷ்னேவும் ஹோனெக்கரும் முத்தமிடும் காட்சியைத் திமித்ரி விரூபெல் வரைந்துள்ளார். கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது. பிர்கிட் கிண்டர் வரைந்த, சுவரைத் துளைத்து வரும் டிராபண்ட் கார் எனக்கு அதனினும் பிடித்தது. அதன் எண்பலகையில் சுவர் திறந்த நாளே எழுதப்பட்டுள்ளது. 2009இல் இவ்வோவியங்களுள் பெரும்பாலானவை மீண்டும் புதிதாகத் தீட்டப்பட்டன. இன்று நாம் காணும் வண்ணம் 1990இன் வண்ணம் அன்று. இருப்பினும், வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து போக விடுவதைக் காட்டிலும் இது மேல் என்பதே என் கருத்து.

இனி ஆறு. சுவரின் பின்புறம் ஸ்பிரே ஆறு ஓடுகிறது. எதிர்க்கரை குரோய்ட்ஸ்பெர்க், மேற்குப் பெர்லினுக்குரியது. துருக்கி முதலிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் நிரம்ப வாழ்ந்த பகுதி. ஆற்றின் நடுவே எல்லை ஓடியிருக்கும் என்று நினைப்போம். அங்ஙனம் இல்லை. நீர்ப்பரப்பு முழுமையும் கிழக்கிற்கே உரியது. எல்லை மேற்குக் கரையின் ஓரத்திலேயே இருந்தது.

அக்கரையில் விளையாடிய குழந்தைகள் தவறி நீரில் விழுந்தபோது, மேற்குப் பெர்லின் மீட்புப் படையினர் கரையில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. நீரில் இறங்கினால் எல்லை மீறல். துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்ச வேண்டியிருந்தது. 1966 முதல் 1975 வரை ஐந்து குழந்தைகள் இவ்வாறு அங்கே மூழ்கி இறந்தனர். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதிற்குள் இருந்த சிறுவர்கள். நம் பாலர் பள்ளியிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் அகவை. ஐந்தாமவன் ஒரு துருக்கியச் சிறுவன். 1975 மே 11, அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள். பந்தை எடுக்கப் போனவன் ஆற்றில் விழுந்தான்.

அதன் பின்னர் அப்பகுதி மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு அக்டோபரில்தான், எல்லை நீரில் விழுந்தவர்களை மீட்பது குறித்து இரு தரப்பும் உடன்பாடு கண்டன. ஓர் உடன்பாட்டிற்கு ஒன்பது ஆண்டுகளும் ஐந்து பிள்ளைகளும்! மேலே சொன்ன 140 பேருள் இவர்களும் அடங்குவர்.

பிள்ளைகளுடன் பெர்லின் செல்லும் பெற்றோர்களே, முத்த ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொண்ட பிறகு ஓபர்பவும் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குச் செல்லுங்கள். நடைதான், தொலைவில்லை. அங்கிருந்து நீரையும் அதற்கப்பால் சுவரையும் ஒருசேரப் பார்க்கலாம்.