பிஸ்கட்டில் வரைந்த பந்து யாருடையது?



நீண்ட பதிவுதான். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மூன்று வருடத்துக்கும் மேலாக எங்கள் மனதில் கிடந்த ஒரு விடயம் இது. அடுத்த உலகக் கிண்ணம் 2026 ஜூன் 11இல் தொடங்க இருப்பதால் இப்போதே எழுதிவிடுகிறோம்.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. கத்தாரில் ஆர்ஜென்டினாவுக்கும் பிரான்ஸுக்கும் இறுதிப் போட்டி. நம் நேரப்படி இரவு 8.30க்கு ஆட்டம். எங்கள் தரம் 9 மாணவி ஒருத்தியின் உம்மா வீட்டிலிருந்தபடி கேக் ஓடர் எடுப்பவர். வாப்பா இல்லாத வீடு. அன்று பக்கத்து வீட்டு விறாந்தையில் பெரிய திரை போட்டு எல்லோரும் பார்ப்பதென்று ஏற்பாடு. அறுபது பட்டர் பிஸ்கட்டுக்கு ஓடர் வந்திருந்தது, எல்லாவற்றிலும் பந்து வரைய வேண்டும். நாங்களும் கை கொடுக்கப் போனோம்.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடமென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசை, பால்மா வரிசை, எண்ணெய் வரிசை என்று நின்று களைத்த வருடம். டிசம்பரிலும் முட்டை விலை இறங்கவில்லை, மின்வெட்டும் நிற்கவில்லை. பந்து பிஸ்கட்டுக்கு முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்துக் குழைக்க வேண்டும். ஓரம் கட்டுவதற்குக் கெட்டியாக ஒரு குழையல், உள்ளே நிரப்புவதற்குத் தண்ணீர் விட்டு இளக்கிய இன்னொரு குழையல். வெள்ளை முழுதாகக் காய்ந்த பிறகுதான் கறுப்பை வைக்கலாம். அவசரப்பட்டால் கறுப்பு ஊறிச் சாம்பலாகிவிடும். நம் பகுதியில் டிசம்பர் மழைக்காலம், எதுவும் காயாது. மின்விசிறிக்குக் கீழே வைத்தோம், மின்சாரம் போனது. பத்துப் பன்னிரண்டு பிஸ்கட் சாம்பல் பந்தாகிப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனது.

அவளுடைய சின்னத் தம்பி ஒரு பிஸ்கட்டை எடுத்து அறுகோணிகளாகவே வரைந்து வைத்தான், தேன்கூடு மாதிரி. அக்கா பார்த்துச் சிரித்தாள்: "டேய், இது பந்தில்லடா, தட்டு!" அவள் சொன்னது சரி. ஏன் சரியென்று பின்னால் சொல்கிறோம்.

எட்டு மணியளவில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். அங்கிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் கஷ்ட காலத்தில இது என்ன வேல? இதெல்லாம் ஆர்ர பண்பாடு? வெள்ளக்காரன்ட கூத்த நம்மட பொம்புளப் புள்ளயளும் படிக்கிறதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிள்ளை தட்டோடு உள்ளே திரும்பி வந்து அடுப்படி மேசையில் வைத்துவிட்டாள். போட்டி 3–3 என்று முடிந்து, தண்ட உதையில் 4–2 என ஆர்ஜென்டினா வென்றது. விறாந்தையில் கூச்சல், அடுப்படியில் அந்தத் தட்டு. படிப்பிக்கும் தொழிலில் இருந்துகொண்டு ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சீனி. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பளிங்காக்கும் வித்தையை உலகம் இந்தியாவிலிருந்து கற்றது. பாரசீகம் வழியாக அது அரபு உலகத்துக்குப் போனது. சமஸ்கிருதச் 'சர்க்கரா' அரபியில் 'சுக்கர்' ஆனது, அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் சொற்கள் பிறந்தன. நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு'வும் ஆங்கிலத்தின் 'கேண்டி'யும் ஒரே குடும்பம். எகிப்திலும் சிசிலியிலும் அந்தலூசியாவிலும் கரும்பு நட்டவர்கள் அரபு முஸ்லிம்கள். ஐரோப்பியர் பெருமளவில் சீனி சாப்பிடத் தொடங்கியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அதையும் அத்திலாந்திக் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைகளின் உழைப்பில்தான் விளைவித்தார்கள். அந்த இருட்டையும் மறக்கக் கூடாது.

அடுத்து, பிஸ்கட்டில் படம் போடுவது. கெய்ரோவில் பாத்திமிய ஆட்சிக் காலத்தில் பெருநாளைக்கு மாப்பண்டங்கள் செய்து மக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே 'தாருல் பித்ரா' என்றொரு அரச சமையற்கூடம் இருந்தது. அங்கே செய்த 'கஹ்க்' என்ற பெருநாள் பிஸ்கட்டில் அச்சு வைத்துப் பூ வேலைப்பாடும் எழுத்தும் பதித்தார்கள். சாப்பிடுபவரை வாழ்த்தும், நன்றி சொல்ல நினைவூட்டும் வாசகங்கள் அவை. அந்தப் பழைய அச்சுகள் கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. எகிப்தியர் இன்றைக்கும் நோன்புப் பெருநாளைக்குக் கஹ்க் செய்கிறார்கள். பண்டத்தின் மேல் அழகு செய்து பலர் கூடும் இடத்தில் பகிர்வது வெள்ளைக்காரனிடம் மட்டும் இருந்த பழக்கமில்லை.

மூன்றாவது, 'குக்கி' என்ற சொல். இது ஆங்கிலேயர் சொல்லே அல்ல. ஒல்லாந்தர் சின்னக் கேக்கை 'கூக்கியே' என்பார்கள். அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய ஊருக்கு நியூ அம்ஸ்டர்டாம் என்று பெயர். 1664இல் ஆங்கிலேயர் பிடித்து நியூயோர்க் என்று மாற்றினார்கள். ஊரின் பெயர் மாறியது, பண்டத்தின் பெயர் மாறவில்லை. அதே நூற்றாண்டில் அதே ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்திலும் இருந்தார்கள். 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு 1796 வரை ஆண்டார்கள். நாம் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து இரும்பு அச்சைத் தோய்த்துப் பொரிக்கிறோமே கொக்கிஸ், அந்தப் பெயரும் அதே ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. அமெரிக்கனின் குக்கியும் நம்முடைய கொக்கிஸும் பெயரளவில் மச்சான்மார். கொக்கிஸ் யாருடைய பண்பாடு என்று சித்திரைப் புத்தாண்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நம் பெருநாள் வட்டிலப்பத்தைக் கேட்டால் மலாய்க்காரர் வீட்டைக் காட்டும்.

இனி அந்தப் பந்து. எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பழைய உதைபந்து மண்ணிறம். நீளத் தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே பிளாடரை வைத்து, வாயை வாரால் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் கல் மாதிரிக் கனக்கும். அமெரிக்கர் 'ஃபுட்போல்' என்று சொல்லும் முட்டை வடிவப் பந்தில் அந்த மண்ணிறமும் வெள்ளை வாரும் இன்னும் இருக்கின்றன. 1967இல் தொடங்கிய அவர்களின் 'சூப்பர் போல்' இறுதிப் போட்டியை வீடு வீடாகக் கூடிப் பார்க்கும் நாளில், அங்கேயும் பெண்கள் பிஸ்கட் செய்கிறார்கள். கபில நிறத்தில் ஐசிங் பூசி நடுவில் வெள்ளைத் தையல் போடுவார்கள். வேலை ஒன்றுதான், பந்துதான் வேறு.

நாம் வரைவது கறுப்பு வெள்ளைப் பந்து. அது உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1970இல், மெக்சிக்கோவில். அடிடாஸ் செய்த 'டெல்ஸ்டார்'. ஏன் கறுப்பும் வெள்ளையும்? அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அதில் மண்ணிறப் பந்து புல்லோடு கலந்து மறைந்துவிடும். வெள்ளைப் பந்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உருளுவது கண்ணுக்குத் தெரியும். பெயரும் அங்கிருந்துதான். 1962 ஜூலையில் விண்ணுக்கு ஏவப்பட்டு அத்திலாந்திக் கடலுக்கு மேலாக நேரடிப் படம் அனுப்பிய செய்மதியின் பெயர் டெல்ஸ்டார். அந்தச் செய்மதி அடுத்த வருடமே செயலிழந்துவிட்டது. பந்து மட்டும் அதன் பெயரைச் சுமந்துகொண்டு உருண்டது.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979 ஏப்ரலில். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். ஊரில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும், கார் பெட்டரியில் ஓடும், முற்றம் நிறையச் சனம் இருக்கும் என்று நம் வாப்பாமார் சொல்வார்களே, அந்தப் பெட்டிக்காகச் செய்த பந்துதான் இது.

அந்தப் பந்தில் 12 கறுப்பு ஐங்கோணிகள், 20 வெள்ளை அறுகோணிகள், மொத்தம் 32 துண்டுகள். உச்சிகள் 60, விளிம்புகள் 90. ஒயிலரின் தொடர்பு படித்த பிள்ளைகள் கூட்டிப் பார்க்கலாம்: 32உம் 60உம் 92, 90உம் 2உம் 92. இப்போது தம்பி வரைந்த பிஸ்கட்டுக்கு வருவோம். ஒழுங்கான அறுகோணியின் ஒரு கோணம் 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360, அதாவது தரை மாதிரித் தட்டையாகிவிடும், வளையாது. ஒன்றை எடுத்துவிட்டு 108 பாகையுள்ள ஐங்கோணியை வைத்தால் 348. அந்தப் 12 பாகை இடைவெளியை மூடும்போதுதான் தோல் வளைந்து உருண்டையாகிறது. அக்கா 'தட்டு' என்று சொன்னது கணிதப்படி சரியான வார்த்தை. தம்பி வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் மைதானத்துக்கு வழிகாட்டும் வீதிப் பலகையிலும் அதே பிழைதான் இருக்கிறது.

இன்னொன்று. அந்த 90 விளிம்புகளும் கையால் தைத்தவை. உலகத்தின் கைத்தையல் பந்துகளில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்பட்டது. வீட்டு முற்றங்களில் பெண்களும், சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆயிரக்கணக்கான சிறுவர்களும் தைத்தார்கள். 1990களில் இது உலகத்துக்குத் தெரியவந்து கண்டனம் எழுந்த பிறகு, 1997 பெப்ரவரியில் சியால்கோட் வர்த்தக சம்மேளனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் அட்லாண்டாவில் ஓர் உடன்படிக்கை செய்தன. தையல் வேலையிலிருந்து பிள்ளைகளை விலக்கிப் பாடசாலைக்கு அனுப்புவது அதன் நோக்கம். ஆகவே வெள்ளைக்காரன் பந்து என்று நாம் சொல்வதில் ஊசி பிடித்த கை நம்மைப் போன்ற ஒரு வீட்டின் கை.

2022 போட்டிக்கு வந்த பந்தின் பெயர் 'அல் ரிஹ்லா', பயணம். 20 துண்டுகள்தான், ஒட்டியவை, தைத்தவை அல்ல. அதுவும் சியால்கோட்டில் செய்யப்பட்டது. இப்னு பதூதாவின் பயண நூலை நாம் அழைப்பதும் 'ரிஹ்லா' என்றுதான். அவர் 1344இல் நம் நாட்டுக்கு வந்து புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்துவிட்டு மலைக்குப் போனவர். அரையிறுதியிலிருந்து பந்தின் பெயர் 'அல் ஹில்ம்', கனவு. அந்த இரவு திரையில் ஓடிய பந்தில் கறுப்பு ஐங்கோணி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் வரைந்தது 1970இன் பந்தை. பந்து என்றால் அவர்களின் கைக்கு வருவது அதுதான்.

இவ்வளவும் எழுதியது அந்தப் பெரியவரை மட்டம் தட்டுவதற்கல்ல. கஷ்ட காலத்தில் வீண்செலவு வேண்டாம் என்று அவர் நினைத்ததில் நியாயம் உண்டு. சனம் கிழங்கு அவித்துச் சாப்பிட்ட வருடம் அது. ஆனால் செலவழித்தது யார், உழைத்தது யார் என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். ஓடர் கொடுத்தவருக்கு அது செலவு, அந்த வீட்டுக்கு அது வருமானம். அந்த வருமானத்தில்தான் பிள்ளையின் டியூஷன் காசு போனது. அன்று அவள் உள்ளே கொண்டுவந்து வைத்தது தன் உம்மாவின் ஒரு கிழமை உழைப்பை. அதற்குப் பிறகு அந்த உம்மா பந்துப் பிஸ்கட் ஓடர் எடுப்பதையே விட்டுவிட்டார், ஊர் பேசும் என்று பயந்து. நாங்கள் அன்று வாய் திறந்திருந்தால் ஒருவேளை விட்டிருக்க மாட்டார். அந்தக் குறை எங்களுடையது.

போன கிழமை அந்தப் பிள்ளையைப் பஸ் தரிப்பில் கண்டோம். இப்போது உயர்தரம் படிக்கிறாள். "டீச்சர், உலகக் கிண்ணம் வருது. உம்மா செய்யலாமா எண்டு கேக்கிறா" என்றாள். "ஏன் என்னைக் கேக்கிறீங்க?" என்றோம். "நீங்க அண்டைக்கு இருந்தீங்கதானே" என்றாள்.

ஆமாம், இருந்தோம். அதனால்தான் இந்தப் பதிவு.

இம்முறை தொடக்கப் போட்டி மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா மைதானத்தில். 1970இல் டெல்ஸ்டார் முதன்முதலாக உலகக் கிண்ணத்தில் உருண்டதும் அதே மைதானத்தில்தான். அமெரிக்கக் கண்டத்தில் நடப்பதால் பல ஆட்டங்கள் நமக்கு நடுச்சாமத்திலும் விடியப்புறத்திலும் வரும். சுபஹுக்கு எழும்புகிறவர்களுக்குத் தேநீரோடு கடிக்க ஏதாவது வேண்டும்தானே.

"செய்யச் சொல்லுங்க, முதல் ஓடர் எங்கட" என்று சொல்லிவிட்டோம். மழைக்காலமில்லை, ஐசிங் காயும். வேறு யாருக்கும் வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லுங்கள், உம்மாவிடம் சேர்ப்பிக்கிறோம். ஒரேயொரு வேண்டுகோள்: அந்தப் பெரியவர் இதை வாசித்தால், அவர் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் வாப்பா. கொண்டு வருவது அதே பிள்ளைதான்.